‘பார்த்தா ஒண்ணும் தெரியலையே?’: கேளிக்கைப் பூங்காவில் மாற்றுத் திறனாளிச் சலுகை ஏன் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது? அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் விழும் கேள்வி, "இந்த வாட்டி எங்க போலாம்?" சன்வே லகூனா, கெந்திங்கா, ஜொகூர் லெகோலேண்டா என்று பேச்சு ஓடும். கடந்த விடுமுறையின்போது உறவினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "தாத்தா கார்ல போயிடுவோம்லா. அதுல ஓ.கே.யு. ஸ்டிக்கர் இருக்கு, பார்க்கிங் ஈசி. அப்படியே அவர் கார்டையும் வாங்கிக்கோங்க, டிக்கெட்ல கழிவு கிடைச்சாலும் கிடைக்கும்."

நீரிழிவால் ஒரு காலை இழந்தவர் தாத்தா. அவர் எங்களோடு வரப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். சிரிக்கும் எமோஜிகள் வரிசையாக விழுந்தன.

கிள்ளானில் இருக்கும் என் அக்கா மட்டும் எதுவும் எழுதவில்லை. அவளுடைய ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். அதற்கு முந்தைய விடுமுறையில் அவனை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தாள். ஓ.கே.யு. அட்டையைக் காட்டி, நீண்ட வரிசையில் அவனால் நிற்க முடியாது, வேறு வழி உண்டா என்று கேட்டாள். முகப்பில் இருந்தவர் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பார்த்தா ஒண்ணும் தெரியலையே?" என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவர் வந்து சேர்வதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. அந்தச் சத்தமும் வெயிலும் தாங்காமல் பையன் தரையில் விழுந்து அலற ஆரம்பித்தான். ஒரு விளையாட்டில்கூட ஏறாமல் வீடு திரும்பினார்கள்.

வாட்ஸ்அப்பில் சிரிப்பாகப் போன யோசனைக்கும் அக்கா முகப்பில் பட்ட பாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். சலுகையை ஏமாற்றி வாங்குபவர் ஒருவர், சந்தேகத்துக்கு ஆளாகிறவர் வேறொருவர். இது எப்படி நடக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பதைப் பார்ப்போம்.

ஓ.கே.யு. அட்டை யாருக்குக் கிடைக்கும்?

மலேசியாவில் மாற்றுத் திறனாளிகளைப் பதிவு செய்வது சமூகநல இலாகாவான ஜே.கே.எம். செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் என ஏழு பிரிவுகள் இருக்கின்றன. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவை கற்றல் பிரிவில் வரும். மருத்துவர் உறுதிப்படுத்திய விண்ணப்பத்தை ஜே.கே.எம். அலுவலகத்திலோ இணையம் வழியாகவோ கொடுக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். மூன்றே கால் கோடியைத் தாண்டிய மக்கள் தொகையில் அது ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தவர்களில் 11.1 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு செயல்திறன் குறைபாடு இருப்பதாகத் தெரிய வந்தது. அட்டை இல்லாததால் ஒருவருக்குக் குறைபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, ஏழு பிரிவுகளில் பெரும்பாலானவற்றை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சக்கர நாற்காலியைப் பார்த்தால் தெரியும். காது கேளாதவரையோ ஆட்டிசம் உள்ள குழந்தையையோ மனநலப் பாதிப்பு உள்ளவரையோ பார்த்தவுடன் எப்படித் தெரியும்? ‘பார்த்தா ஒண்ணும் தெரியலையே’ என்பது சோதனையே அல்ல. பார்க்கிறவருக்கு விவரம் போதவில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது.

பூங்காவில் எதற்குத் தனி ஏற்பாடு?

"எங்களுக்கும்தான் வெயில், எங்களுக்கும்தான் பிள்ளைங்க" என்று வரிசையில் நிற்பவர் கேட்பது நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல, இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மற்றவர்களுக்குக் கிடைப்பதே இவருக்கும் கிடைப்பதற்கான ஏற்பாடு. நெருக்கமான வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க முடியாத குழந்தை அதே ஒரு மணி நேரத்தை அமைதியான இடத்தில் உட்கார்ந்து கழித்துவிட்டு வரலாம். காத்திருக்கும் நேரம் குறையவில்லை, இடம்தான் மாறுகிறது. மற்றொன்று, மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இவருக்குக் கிடைப்பது. காத்திருக்கவே வேண்டாம், நேராக உள்ளே போகலாம், இறங்கியவுடன் மறுபடியும் ஏறலாம்.

முதலாவது சம உரிமை. இரண்டாவது பரிசு போன்றது. பரிசு என்று வந்துவிட்டால் அதைக் குறுக்கு வழியில் அடைய நினைப்பவர்களும் வந்துவிடுவார்கள். இதற்கு உலகமே பார்த்த உதாரணம் டிஸ்னி.

டிஸ்னியில் என்ன நடந்தது?

அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 2013 வரை ‘கெஸ்ட் அசிஸ்டன்ஸ் கார்டு’ என்ற அட்டை இருந்தது. மருத்துவச் சான்று கேட்கப்படவில்லை. அட்டை வைத்திருப்பவரும் அவருடன் வந்தவர்களும் பெரும்பாலான விளையாட்டுகளில் அதிகம் காத்திருக்காமல் தனி வழியில் நுழையலாம்.

2013 மே மாதம் நியூயார்க் போஸ்ட் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. நியூயார்க்கின் வசதியான குடும்பங்கள் சில, வரிசையைத் தாண்டுவதற்காக மாற்றுத் திறனாளி ஒருவரை ‘வழிகாட்டி’ என்ற பெயரில் வாடகைக்கு அமர்த்துவதாக அதில் சொல்லப்பட்டது. கட்டணம் மணிக்கு 130 டாலர், எட்டு மணி நேரத்துக்கு 1,040 டாலர். செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

நீதிமன்ற ஆவணங்களில் பின்னர் வெளிவந்த ஒரு கணக்கு இதைவிட அழுத்தமானது. ‘டாய் ஸ்டோரி’ விளையாட்டு ஒன்றில் டிஸ்னி 2013இல் நடத்திய ஆய்வில், வந்த விருந்தினர்களில் 3.3 விழுக்காட்டினரிடம்தான் அந்த அட்டை இருந்தது. ஆனால் அந்த விளையாட்டின் இருக்கைகளில் 30 விழுக்காட்டை அவர்களே பயன்படுத்தினார்கள். இவர்களில் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. காத்திருப்பே இல்லை என்றால் யாராக இருந்தாலும் திரும்பத் திரும்ப ஏறத்தான் செய்வார்கள். கோளாறு மனிதர்களிடம் மட்டுமல்ல, ஏற்பாட்டிலேயே இருந்தது.

2013 அக்டோபர் 9 முதல் டிஸ்னி முறையை மாற்றியது. ‘டாஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய முறையில் திரும்பி வரும் நேரம் ஒன்று தரப்படும். பொது வரிசையில் ஒரு மணி நேரக் காத்திருப்பு என்றால், காலை 11 மணிக்குக் கேட்பவருக்கு ஏறத்தாழ 12 மணி கிடைக்கும். அதுவரை அவர் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பங்கள் பல வழக்குப் போட்டன. எங்கள் பிள்ளைகளுக்குக் ‘காத்திருப்பது’ என்பதே புரியாது, அவர்கள் பழகிய வரிசைக்கிரமத்தில்தான் விளையாட்டுகளுக்குப் போவார்கள், பூங்காவில் சில மணி நேரம்தான் தாங்குவார்கள் என்பது அவர்களின் வாதம். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2020இல் ஃப்ளோரிடா கூட்டரசு நீதிமன்றம் டிஸ்னிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எவ்வளவு கவனமாக ஏற்பாடு செய்தாலும் அதில் அடங்காத குழந்தை ஒன்று இருக்கும் என்பதை இந்த வழக்கு காட்டியது.

காசு எங்கே நுழைகிறது?

டிஸ்னி பூங்காக்களில் விரைவு வரிசை முன்பு இலவசமாக இருந்தது. 2021இல் அது கட்டணச் சேவையானது. ஃப்ளோரிடாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலரில் தொடங்கியது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 60 டாலர். டாஸ் அனுமதி வைத்திருப்பவர்களும் அதே விரைவு வழியில்தான் நுழைவார்கள், கட்டணம் இல்லாமல்.

வரிசையைத் தாண்டுவதற்கு ஒரு விலை வைத்த அன்றே, மாற்றுத் திறனாளிகளுக்கான இலவச அனுமதிக்கும் சந்தையில் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் டாஸ் கேட்பவர்கள் பெருமளவில் கூடினார்கள்.

நம் பக்கத்துப் பூங்காக்களிலும் கட்டண விரைவு வரிசை புதிதல்ல. சன்வே லகூனில் உண்டு, பல மலேசியக் குடும்பங்கள் போய்வரும் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸிலும் உண்டு. ஆகவே டிஸ்னி கதை நமக்குத் தொலைவில் இல்லை.

சந்தேகம் யார் தலையில் விழுந்தது?

2024இல் டிஸ்னி கதவை இன்னும் இறுக்கியது. மே 20 முதல் ஃப்ளோரிடாவிலும் ஜூன் 18 முதல் கலிபோர்னியாவிலும் புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நீண்ட நேரம் காத்திருக்க முடியாதவர்களுக்கே இனி டாஸ் என்று அறிவிக்கப்பட்டது. காணொளி வழி நேர்காணல் உண்டு. தேவைப்பட்டால் டிஸ்னி அமர்த்திய சுகாதாரத் துறையினரும் பேசுவார்கள். பொய் சொன்னது தெரிந்தால் பூங்காவுக்குள் நுழைய நிரந்தரத் தடை.

ஏமாற்றுபவர்களுக்கு இது சரியான அடி என்று பலர் பாராட்டினார்கள். ஆனால் கூடவே வேறு சிலரும் வெளியே தள்ளப்பட்டார்கள். அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டிய குடல் நோயாளிகள், வெயிலில் நிற்க முடியாத நரம்பு நோயாளிகள், நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் போன்றோரிடம், வரிசையை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும் வேறு ஏற்பாட்டைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லப்பட்டது. முன்பு கிடைத்தது இப்போது ஏன் இல்லை என்ற கோபம் மனுக்களாக மாறியது. 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. தங்கள் உடல்நிலையை அந்நியர்களிடம் விவரிக்க வேண்டியிருப்பது அந்தரங்கத்தைப் பறிக்கிறது என்பதும் அந்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

பொய் சொல்லத் துணிந்தவர் நேர்காணலிலும் பொய் சொல்வார். உண்மையானவர்தான் அந்த நேர்காணலில் கூனிக் குறுகுவார்.

நம் ஊரில் இது எப்படி இருக்கிறது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பிரச்சினை பூங்கா வாசலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, வாகன நிறுத்துமிடத்தில். ஓ.கே.யு. நிறுத்துமிடம் மின்தூக்கிக்கு அருகில் இருப்பது வசதிக்காக மட்டுமல்ல. அது அகலமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கார் கதவை முழுவதும் திறந்தால்தான் பக்கத்தில் சக்கர நாற்காலியை வைத்து அதில் மாற முடியும். அந்த இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டால், கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிட்டு வருவது தீர்வாகாது. சாதாரண இடத்தில் கதவைப் பாதிதான் திறக்க முடியும். பலருக்கு அன்றைய பயணமே அங்கே முடிந்துவிடும்.

"ரெண்டு நிமிஷம்தானே?" என்பது நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கும் பதில். சக்கர நாற்காலி படம் போட்ட ஸ்டிக்கர்கள் இணையத்திலும் கார் உபரிப்பொருள் கடைகளிலும் யார் வேண்டுமானாலும் வாங்கக் கிடைக்கின்றன. ஜே.கே.எம். தனியாக அதிகாரப்பூர்வ ஸ்டிக்கர் கொடுத்தாலும், தூரத்திலிருந்து பார்க்கும் பாதுகாவலருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? பேரங்காடி, பூங்கா போன்ற தனியார் வளாகங்களில் கண்காணிப்பு பெரும்பாலும் அந்தந்த நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளரோடு சண்டை போட எந்த நிர்வாகமும் விரும்பாது.

பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால் இதே மனப்பான்மையின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் உடற்பிடிப்பு நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களுக்கு வழிகாட்டத்தான் நடைபாதையில் மேடு பதித்த மஞ்சள் கற்கள். அந்தக் கற்களின் மேல் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், கடைப் பலகைகள் நிற்கும். நிறுத்தியவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்தக் கோட்டில் ஒருவர் நடந்து வருவார் என்று நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தாத்தா காரைக் கேட்ட எங்கள் உறவினரும் அப்படித்தான். அவர் கெட்டவர் இல்லை. அந்த இடத்துக்கு உண்மையில் தேவையுள்ள ஒருவர் அன்று வருவார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008, அதாவது சட்டம் 685, நடப்பில் இருக்கிறது. பொது வசதிகளையும் கட்டடங்களையும் பயன்படுத்தும் உரிமையை அதன் 26ஆவது பிரிவும், பொழுதுபோக்கு மற்றும் விளையாட்டில் பங்கெடுக்கும் உரிமையை 32ஆவது பிரிவும் சொல்கின்றன. மாற்றுத் திறனாளிகள் உரிமை குறித்த ஐ.நா. ஒப்பந்தத்தையும் மலேசியா 2010இல் உறுதிப்படுத்தியது. ஆக, கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது ஆடம்பரம் அல்ல, சட்டம் அங்கீகரித்த உரிமை.

ஆனால் இந்தச் சட்டத்துக்குப் பல் இல்லை. உரிமையை மறுக்கும் நிறுவனத்துக்கு என்ன தண்டனை என்று அது சொல்லவில்லை. சலுகையை ஏமாற்றிப் பெறுபவருக்கு என்ன தண்டனை என்பதும் அதில் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி சமயம், இனம், பாலினம் போன்ற அடிப்படைகளில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடற்குறை இடம்பெறவில்லை. சட்டம் 685ஐத் திருத்தும் பணி நடப்பதாக மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு பல முறை கூறியிருக்கிறது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் 91ஆவது பிரிவின்படி, மாற்றுத் திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெறுபவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். 89ஆவது பிரிவோ சட்டத்தை மீறுபவர்களுக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்கிறது. ஏமாற்றுபவர், மறுப்பவர் என்று இரு தரப்பையும் அது பொறுப்பாக்குகிறது. அமலாக்கம் எப்படி இருக்கிறது என்பது தனிக் கேள்வி. ஆனால் குற்றம் எது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் வேறு வழியில் யோசித்தது. அங்கே வாகன அட்டை இரண்டு வகை. தானே ஓட்டும் மாற்றுத் திறனாளிக்கு ஒரு வகை, அவர் அந்த இடத்தில் தொடர்ந்து நிறுத்தலாம். மாற்றுத் திறனாளியைப் பயணியாக ஏற்றி வருபவருக்கு இன்னொரு வகை, ஏற்றி இறக்க 60 நிமிடம் வரை மட்டும். தேவை எவ்வளவோ அவ்வளவே சலுகை.

அப்படியானால் தீர்வு என்ன?

மேலே பார்த்த அனுபவங்களிலிருந்து நான்கு விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, சலுகையைத் தேவையின் அளவுக்கு வெட்ட வேண்டும். காத்திருப்பைக் குறைக்காமல் காத்திருக்கும் இடத்தை மட்டும் மாற்றும் ஏற்பாட்டில், திருடுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதற்கும் அடங்காத குழந்தைகளுக்குத் தனியாகப் பேசி முடிவெடுக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும்.

இரண்டாவது, சோதனையை வாசலிலிருந்து முன்கூட்டியே நகர்த்த வேண்டும். ஜே.கே.எம். ஏற்கெனவே மருத்துவர் ஒப்புதலோடு அட்டை கொடுக்கிறது. அட்டைக்கு உரியவர் நேரில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும். நோய் வரலாறு கேட்கத் தேவையில்லை. எங்கள் தாத்தாவின் அட்டை அந்த ஒரு கேள்வியிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். அக்காவின் மகன் அதிலேயே தேறியிருப்பான்.

மூன்றாவது, எல்லாருக்கும் பயன்படும் வசதிகள் கூடினால் சிலருக்கான சலுகை மீதான நெருக்கடி குறையும். வரிசையில் நிழல், உட்கார இருக்கை, சத்தமில்லாத ஓர் அறை போதும். கோலாலம்பூரில் சன்வே புத்ரா பேரங்காடி ஆட்டிசம் உள்ளவர்களுக்காக அமைதி அறை வைத்திருக்கிறது. கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் ஆட்டிசம் உள்ள பயணிகளுக்கு உதவும் ‘பட்டர்ஃபிளை எஃபெக்ட்’ திட்டம் இருக்கிறது. விமான நிலையத்தில் முடிவது பூங்காவிலும் முடியும்.

நான்காவது, தண்டனை ஏமாற்றுபவரைத் தேடிப் போக வேண்டும். ஓ.கே.யு. இடத்தில் அனுமதியின்றி நிற்கும் காருக்குச் சம்மன் கொடுப்பது எளிது, அது அங்கேயே நிற்கிறது. அதை விட்டுவிட்டு, அட்டையோடு வரும் தாயைக் குறுக்கு விசாரணை செய்வது சோம்பேறித்தனம்.

பூங்காவுக்குப் போகும் முன் குடும்பங்கள் செய்யக்கூடியவை

அட்டையின் அசலை எடுத்துச் செல்லுங்கள், அதற்கு உரியவரோடு. பூங்காவில் என்ன ஏற்பாடு உண்டு என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாக்குவாதம் வந்தால் அந்தப் பதில் உதவும். பிள்ளைக்கு ஆட்டிசம், ஆனால் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் அருகிலுள்ள ஜே.கே.எம். அலுவலகத்தை நாடுங்கள். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு ‘முத்திரை’ விழுந்துவிடும் என்று நம் குடும்பங்களில் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு அக்கா ஒரே ஒரு வரி எழுதினாள்: "அந்த பார்க்கிங்ல நீங்க நிறுத்துனா, நான் இவனை எங்க இறக்குவேன்?"

எமோஜி எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த உறவினர் எழுதினார்: "சரி, நம்ம காருலயே போலாம். தாத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போலாமா? அவரும் வெளிய போயி ரொம்ப நாளாச்சு."